வண்டிக்குள் இன்னொரு சாக்கெட் வைக்கும் முன் ஃபியூஸ் எங்கே என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திங்கள்சந்தைக்காரன். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிற ஓட்டம் இருக்கும், மற்ற நாளில் கல்யாணம், வேளாங்கண்ணி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று எது கிடைக்கிறதோ அது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வண்டிக்குள் கூடுதலாக ஒரு சார்ஜர் சாக்கெட் வைப்பது பற்றி எழுத வேண்டும் என்று ரெண்டு மாசமாக நினைத்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் ஓடுகிற வாடகை வண்டிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சாக்கெட், ஏதோ ஒரு லைட்டு, ஏதோ ஒரு ஃபேன் கூடுதலாக மாட்டியிருப்பதைத்தான் நான் ஸ்டாண்டில் பார்க்கிறேன். அதில் எத்தனைக்குத் தனி ஃபியூஸ் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடுதல் சாக்கெட் தேவையில்லாத ஆடம்பரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழு பேர் போகிற என் வண்டியில் கம்பெனி கொடுத்தது முன்பக்கம் ஒரே ஒரு சாக்கெட். அந்தக் காலத்தில் சிகரெட் பற்ற வைக்க வைத்த ஓட்டைதான் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிறது. டிரைவர் மேப் பார்க்கிற போன் அதில் மாட்டியிருக்கும். பின்னால் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துவிட்டு வருவார்கள், அவர்கள் போனில் உயிர் இருக்காது, வீட்டிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு வழியில் நெபுலைசர், அதாவது மருந்தைப் பனி மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற மெஷின், போட வேண்டி வரும். அதனால் பின் சீட்டுக்கு ஒரு சாக்கெட் வேண்டும் என்பது நியாயமான தேவை. நானும் அதற்காகத்தான் வைத்தேன், அதுவும் என் சொந்த அம்மாவுக்காக வைத்தேன்.

அம்மாவுக்கு ஆஸ்துமா. மழைக்காலம் வந்தால் மாசத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போன புரட்டாசியில் எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் வண்டியை விட்டுப் பின்பக்கம் சாக்கெட் வைத்தேன். 350 ரூபாய். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். அதில் பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றுகிற 150 வாட் இன்வெர்ட்டர் ஒன்றைச் செருகி நெபுலைசரை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது, சந்தோஷமாக வந்துவிட்டேன். ஒரு வாரத்துக்குள் ரெண்டு தடவை ஃபியூஸ் போனது, ஃபியூஸ் போனால் பாட்டுப்பெட்டியும் சேர்ந்து நின்றுவிடும். மறுபடி கடைக்குப் போனேன். அவர் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகிவிட்டு, "இனி போகாது அண்ணாச்சி, தைரியமா ஓட்டுங்க" என்றார். அவர் சொன்ன மாதிரியே அப்புறம் அது போகவே இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அழகியமண்டபம் தாண்டி சுவாமியார்மடம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன், மழைக்காகக் கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டிருந்தது, பின்னால் அம்மா நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்திருந்தாள். திடீரென்று மாஸ்க்கை இறக்கிவிட்டு, "மக்கா, என்னமோ கரியுத மணம் வருது, வண்டிய ஓரமா நிறுத்து" என்றாள். எனக்கு அதுவரை ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் பாட்டுப்பெட்டிக்குப் பின்னாலிருந்து நூல் மாதிரி புகை வருகிறது. சாவியை அணைத்தேன். அப்புறமும் இன்வெர்ட்டர் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, நெபுலைசர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கைக்கு வந்தபடி பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அம்மாவை மழையிலேயே கீழே இறக்கி ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றினேன். இழுப்பு வந்த கிழவியை மூடிய வண்டிக்குள் புகையில் உட்கார வைத்தேனே என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அடுத்த நாள் குலசேகரம் பக்கம் ஒரு வயசான எலக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ரப்பர் தோட்டத்து ஜீப்புகளுக்கு வேலை பார்த்தே பழகியவர், கையில் மல்டிமீட்டர் இல்லாமல் வண்டியைத் தொடமாட்டார். பாட்டுப்பெட்டியை வெளியே இழுத்து எனக்குக் காட்டினார். பாட்டுப்பெட்டிக்கு எப்போதும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும் வயர் ஒன்று உண்டு, நேரம், ஸ்டேஷன் எல்லாம் மறக்காமல் இருக்க. அந்த வயரின் தோலைக் கடித்து எடுத்து, அதன் மேல் ஸ்பீக்கருக்கு இழுக்கிற மெல்லிய வயர் ஒன்றை ரெண்டு முறுக்கு முறுக்கி, மேலே கருப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிப் பிசினாகி விரலில் ஒட்டியது. பக்கத்தில் போன இன்னும் ரெண்டு வயருடைய தோலும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் அந்த இடத்துக்கு 15 என்று போட்டிருக்கிறது. அங்கே இருக்க வேண்டியது நீல நிற ஃபியூஸ். இருந்தது பச்சை. பச்சை என்றால் 30 ஆம்பியர்.

"ஃபியூஸ் உன் போனுக்கும் இல்ல, பாட்டுப்பெட்டிக்கும் இல்ல தம்பி, அது வயருக்குக் காவல்" என்று அந்தப் பெரியவர் சொன்னார். இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த எனக்கு இது அதுவரை தெரியாது. இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வண்டி பேட்டரி 12 வோல்ட். வீட்டில் 230 வோல்ட்டில் அரை ஆம்பியரில் ஓடுகிற சாமான், அதே வேலையைச் செய்ய 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். வேகமாக சார்ஜ் ஆகிற 20 வாட் போன் சார்ஜர் ரெண்டு ஆம்பியருக்குள் முடிந்துவிடும், அது பிரச்சினையே இல்லை. 65 வாட் லேப்டாப் சார்ஜர் என்றால் ஆறு ஆம்பியர் பக்கம். 120 வாட் நெபுலைசரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் இன்வெர்ட்டர் தின்கிறதையும் சேர்த்துப் பதினொன்று. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இழுக்கும். என் வண்டியில் பாட்டுப்பெட்டியும் நெபுலைசரும் ஒரே ஃபியூஸில் சேர்ந்து ஓடியபோது 15 ஆம்பியர் ஃபியூஸ் போனது அதன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான். இந்த வயரால் இவ்வளவு தாங்காது என்று அது ரெண்டு தடவை சொன்னது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம். 30 போட்ட பிறகு 25 ஆம்பியர் ஓடினாலும் அந்த ஃபியூஸ் அசையாது, அதற்குள் வயர்தான் ஃபியூஸ் மாதிரி உருகத் தொடங்கும்.

இன்னொன்று அந்த முறுக்கிய ஜாயின்ட். இதை அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டே காட்டினார். ஜாயின்ட் கொஞ்சம் தளர்வாக இருந்து, அந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் போதும். 15 ஆம்பியர் ஓடும்போது, 15-ஐ 15-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்கினால் 22.5 வாட். கடைகளில் ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது டேஷ்போர்டுக்குள் வயர்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னை ஆன் பண்ணி வைத்துவிட்டு நாம் வண்டி ஓட்டுகிறோம். இதில் பயங்கரம் என்னவென்றால் அந்த இடத்தில் இழப்பது ஒன்றரை வோல்ட்தான், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. சரியான ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தாலும் இந்தச் சூட்டை அது கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஓடுகிற கரண்ட் ஃபியூஸின் அளவைத் தாண்டவில்லை. ஆகவே ஃபியூஸும் சரியாக இருக்க வேண்டும், ஜாயின்ட்டும் சரியாக இருக்க வேண்டும், ஒன்றை வைத்து மற்றதைச் சமாளிக்க முடியாது. சாதாரண பிவிசி வயருடைய தோல் 70 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. மத்தியான வெயிலில் கன்னியாகுமரி பார்க்கிங்கில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் எனக்குச் சாக்கெட்டை மறுபடி வைத்துக் கொடுத்தார். அதை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்கினார். பாட்டுப்பெட்டி வயரை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நீல ஃபியூஸை அதன் இடத்தில் திரும்பப் போட்டார். பின் சாக்கெட்டுக்கு பேட்டரியின் பிளஸிலிருந்தே தனி வயர். பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தண்ணீர் புகாத மூடி போட்ட ஃபியூஸ் ஹோல்டர், அதில் 15 ஆம்பியர். ஏன் அவ்வளவு பக்கத்தில் என்று கேட்டேன். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற வயருக்குக் காவல் கிடையாது, அது எங்காவது உரசி பாடியில் பட்டால் பேட்டரியின் மொத்த சக்தியும் அதில் இறங்கும், அதனால் அந்தத் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்றார். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழை உள்ளது. வீட்டு வயரிங்குக்கு வருகிற தடித்த ஒற்றைக் கம்பி வயரை வண்டியில் போடவே கூடாது, நம் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் அது உள்ளுக்குள் முறிந்துவிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிற ரப்பர் வளையத்தின் வழியாகவே வயரைக் கொண்டுவந்தார், தகரத்தில் புதிதாக ஓட்டை போட்டு அதன் விளிம்பில் உரச விடவில்லை. வழி முழுக்க வயருக்கு மேலே பிளாஸ்டிக் டியூப்.

முனைகளில் முறுக்கல் கிடையாது. லக்கு என்கிற உலோக முனையை வைத்து அதற்கான பிளையரில் அழுத்தி, மேலே சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவை ஏற்றி, கடைசியில் வயரைப் பிடித்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் இழுத்தார். எர்த்துக்கு ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைத் தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, லக்கை வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். இன்ஜினை ஓடவிட்டு நெபுலைசரை ஓட்டி மீட்டர் வைத்தபோது பேட்டரியில் 13.9 வோல்ட், சாக்கெட்டில் 13.6. இருபது நிமிடம் ஓடவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரையும் சாக்கெட்டின் பின்பக்கத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லேசான வெதுவெதுப்புதான். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். முந்தைய வேலையில் எரிந்த வயர்களை மாற்றியதற்கு அதற்கு மேல் தனியாக ஆனது.

வாஸ்லின் விஷயத்தை நம் மாவட்டத்துக்காகவே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடுகிற வண்டியில் டேப் சுற்றிய ஜாயின்ட்டை ஒரு வருஷம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சையாகக் களிம்பு ஏறிப் பொடிந்து போயிருக்கும். மீன் ஏற்றுகிற வண்டி என்றால் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் ரெண்டும் பெய்கிற ஊர் நம்முடையது, வண்டிக்குள் ஈரம் காயவே மாசக்கணக்காகும். களிம்பு ஏற ஏறத் தடை கூடும், தடை கூடினால் நான் மேலே சொன்ன சால்டரிங் அயர்ன் கணக்குதான். படகு வேலைக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இருக்கிறது, கடற்கரையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதைக் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது.

போன் சார்ஜ் பண்ண மட்டும்தான் வேண்டும், பேட்டரியிலிருந்து வயர் இழுக்கிற அளவுக்கெல்லாம் தேவையில்லை என்கிறவர்களுக்கு வேறு வழி உண்டு. ஃபியூஸ் பாக்ஸில் ஒரே இடத்தில் ரெண்டு ஃபியூஸ் வைக்கிற மாதிரி சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. பழைய ஃபியூஸ் பழைய வேலைக்கு, இரண்டாவது ஃபியூஸ் புதிய சாக்கெட்டுக்கு. அதையும் எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோம் என்று மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் செருக வேண்டும், திருப்பி வைத்துவிட்டால் ரெண்டு கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் இவற்றின் ஃபியூஸ் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறையோ கண்டால் பெரும்பாலும் அது ஏர்பேக் வயர், அதில் டெஸ்ட் லேம்பைக் கூடக் குத்தக் கூடாது.

சாவியை அணைத்தாலும் சாக்கெட்டில் கரண்ட் வர வேண்டுமா, வேண்டாமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். என் வண்டியில் இப்போது ரிலே என்கிற தானாக இயங்கும் சுவிட்ச் வைத்து, சாவி போட்டால்தான் வருகிற மாதிரி செய்திருக்கிறது. சுவாமியார்மடத்தில் சாவியை அணைத்தும் நிற்காமல் எரிந்ததைப் பார்த்த பிறகு எனக்கு இதில் யோசனையே இல்லை. பேட்டரிக்கும் அதுதான் நல்லது. சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் இருக்கும், அதாவது ஒரு ஆம்பியரை 35 மணி நேரம் கொடுக்கிற அளவு. நாகர்கோவில் ஜங்ஷனில் காரை விட்டுவிட்டு ரயிலில் சென்னைக்குப் போகிறவர், கால் ஆம்பியர் இழுக்கிற டேஷ் கேமராவை எப்போதும் கரண்ட் வருகிற சாக்கெட்டில் விட்டுவிட்டுப் போனால், மூன்று நாளில் 18 ஆம்பியர்-அவர் போயிருக்கும். பாதி பேட்டரி. கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் வந்து இறங்கும்போது வண்டி எடுக்காது.

முதலில் வேலை பார்த்த கடையை நான் குறை சொல்லி எழுதவில்லை, பெயரையும் எழுத மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், நானும் 350 ரூபாயில் முடிகிறதே என்று ஒரு கேள்வி கேட்காமல் வந்தேன். ஆனால் ஃபியூஸ் போகிறது என்று வருகிறவருக்குப் பெரிய ஃபியூஸ் போட்டுக் கொடுப்பதும், அவசரத்துக்குச் சிகரெட் டப்பாவின் ஈயத்தாளையோ ஒரு இழைச் செம்பையோ சுற்றிச் செருகுவதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. இது நிற்க வேண்டும். எலக்ட்ரீசியன் அண்ணன்மார்களை நான் கேட்டுக்கொள்வது, பில்லில் சாக்கெட், கூலி என்று மட்டும் எழுதாமல் என்ன ஆம்பியர் ஃபியூஸ், எங்கே வைத்திருக்கிறது, என்ன அளவு வயர் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நாளைக்கு வேறொருவர் அந்த வண்டியைத் திறக்கும்போது அவருக்கும் அது உதவும். வண்டி வாரன்டியில் இருந்தால் வயரை வெட்டினால் வாரன்டி போய்விடலாம் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டி கொண்டுவரும்போது பிரேக், லைட், டயர் எல்லாம் பார்க்கிறீர்கள். கூடுதலாக மாட்டிய சாக்கெட்டோ லைட்டோ இருந்தால் அதன் ஃபியூஸ் எங்கே என்று டிரைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடியில் போட்டிருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற நிறமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பத்து சிவப்பு, பதினைந்து நீலம், இருபது மஞ்சள், முப்பது பச்சை, ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோணம் ஐடிஐயில் நம் மாவட்டத்து ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாள் வகுப்பு வைத்தால் வருவதற்கு ஆள் இருக்கிறார்கள், நான் பேசிய நாலு பேரும் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வண்டி செய்கிற கம்பெனிகள் ஒவ்வொரு வரிசை சீட்டுக்கும் ஒரு சாக்கெட்டைத் தாங்களே கொடுத்துவிட்டால் இந்த வெட்டு ஒட்டு வேலையே பாதி குறையும்.

என் வண்டியில் கருகிய அந்த வயரையும் பச்சை ஃபியூஸையும் தூக்கிப் போடாமல் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கள்சந்தை ஸ்டாண்டில் எந்த டிரைவர் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகை வண்டி ஓட்டுநர்,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.